காப்பி போட்டாச்சா?

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா சொல்ல, உன் தங்கை எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கை மூவரும் நன்றாக இருக்கிறோம், கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கிறது. வீட்டு ஆட்களோடு அதற்கும் சேர்த்து நலம் சொல்லவேண்டிய நிலைமை நேற்று வந்து, நல்லவேளையாக நேற்று ராத்திரிக்குள்ளேயே போய்விட்டது. நீ கப்பல் எஞ்சின் அறைச் சூட்டில் நேரத்துக்குத் தண்ணீர் குடிக்கிறாயா, காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்கிறாயா என்பதுதான் எனக்கு எப்போதும் உள்ள கவலை, அதைப் பிறகு கேட்கிறேன். டைப் அடிக்கிறவள் ஏன் கையால் எழுதிய கடிதம் அனுப்புகிறாள் என்று நினைப்பாய். பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஓடி முடிக்கும்வரை அந்த மேஜைப் பக்கம் யாரையும் விடுவதாக இல்லை, நானும் போவதாக இல்லை. அதனால் நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து சொல்கிறேன், இவள் முழங்காலில் அட்டையை வைத்து எழுதுகிறாள். நான் சொன்ன அய்யோக்களில் பாதியை விட்டுவிட்டாளாம், படிக்க நன்றாக இருக்காதாம்.

நர்ஸம்மாவின் புத்தகத்தைப் பற்றிப் முன்பு ஒரு தடவை நீ பேசியபோது பாதி சொன்னேன், அதற்குள் போன் அறுந்துவிட்டது. நீ பிறந்தபோது உன்னை முதலில் கையில் வாங்கியவர் அவர்தான், அதற்குப் பிறகு இந்தத் தெருவில் பாதிப் பேரையும் அவர்தான் வாங்கினார். அவருக்குத் தொண்டையில் ஒரு கட்டி. வருகிற புதன்கிழமை ஆபரேஷன். உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் குரல் மிஞ்சுமா மிஞ்சாதா என்பது கத்தி வைத்த பிறகுதான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "ஏம்மா, நான் பேசப் பேச நீ டைப் அடிப்பியா? வாய் இருக்கும்போதே சொல்லி முடிச்சிடறேன்" என்றார். முதல் பிள்ளை பெறப்போகிற பெண்களுக்காக ஒரு புத்தகம். தானே எழுத முயன்று பார்த்தாராம், எழுத உட்கார்ந்தால் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரி வருகிறதாம், பேசினால்தான் பேச்சாக வருகிறதாம். அதனால் காகிதத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. மாலையில் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, வெந்நீரை ஒவ்வொரு வாயாகக் குடித்துக்கொண்டே சொல்வார், நான் அடிப்பேன். ஒவ்வொரு அத்தியாயத்தையும் "பயப்படாதேம்மா" என்றுதான் ஆரம்பிப்பார். எதிரே அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோலவே சொல்வார், எனக்கே ஒரு தடவை இடுப்பு வலித்தது. நடுவில் பிரிண்ட் எடுத்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். "பாதிப் பிள்ளையக் காட்டுன்னு எந்தத் தாயாவது கேட்டிருக்காளா? முழுசா வரட்டும்" என்று சொல்லிவிட்டார். ஆகவே அவருடைய அத்தனை வருஷத்துப் பேச்சும் நம் வீட்டு முன்னறையில், பழைய திரைச்சீலைத் துணியில் நான் தைத்த உறைக்குக் கீழே, அந்த ஒரு பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது.

புத்தகம் முடிந்தது. அச்சகத்தில் கேட்டால், எங்கள் இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள் என்றார்கள். நம் கம்ப்யூட்டரில் அந்தத் தளம் திறக்கவே இல்லை. உங்கள் சிஸ்டம் மிகவும் பழையது, இதற்கு இனி பாதுகாப்பும் கிடையாது என்று திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. மூடினால் மறுபடியும் வந்தது, கடன்காரன் மாதிரி. அந்த நேரத்தில்தான் உன் போன் வந்தது. நான் மாடிக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், அப்பாதான் பேசினார். நீ புது சிஸ்டத்தை எப்படி ஏற்றுவது என்று வரிசையாகச் சொன்னாயாம், இவர் பஸ் டிப்போவில் வண்டி நேரம் குறிக்கிற மாதிரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாராம். போனை வைத்ததும் மாடிப்படியில் நின்று எனக்குக் கேட்கும்படி கத்தினார்: "பையன் தெளிவா சொல்லிட்டான். மொதல்ல காப்பி போட்டு வெச்சுக்கணுமாம், அதுக்கப்புறம்தான் எதையும் தொடணுமாம். அது ரொம்ப முக்கியமாம்." நானும் மேலேயிருந்தே, ஆமாம், அது இல்லாமல் தொடவே கூடாது என்றேன். டிப்போக்காரர்களுக்கெல்லாம் பென்டிரைவில் பாட்டு ஏற்றிக் கொடுக்கிற மனிதர், இதை அவரே செய்துவிடுவார் என்று நான் துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

நான் கீழே வந்தபோது மேஜைமேல் ஃப்ளாஸ்க் இருந்தது, பக்கத்தில் தம்ளர்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சொன்னபடி காப்பி போட்டாச்சா என்று கேட்டேன். "போட்டாச்சு, போட்டாச்சு. மொத வேலையே அதுதான்" என்றார். இதற்குமேல் ஒரு பெண்டாட்டி என்ன கேட்பாள், சொல். எத்தனை நேரம் ஆகுமோ என்று சூடாகக் குடிக்கவும் ஏற்பாடு செய்துவிட்டாரே, எவ்வளவு பொறுப்பு என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். அந்த ஃப்ளாஸ்க்கிலிருந்து ஒரு தம்ளர் ஊற்றி நானும் குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஒரே சொல், எழுத்தில்கூட வித்தியாசம் இல்லை என்கிறாள் உன் தங்கை, நேற்றே அகராதியை எடுத்துப் பார்த்துவிட்டாளாம். டைப் அடிக்கிறவளுக்கு அது ஒன்று, டிப்போவில் நின்று நின்று கால் கடுத்து வீட்டுக்கு வருகிறவருக்கு அது வேறொன்று.

உன் தங்கையை அப்பா "அகராதி" என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும், எப்போதும் புத்தகமும் கையுமாக இருப்பதற்குப் பாதி, எதிர்த்துப் பேசுவதற்குப் பாதி. நேற்று அந்த அகராதிதான் எங்களைக் காப்பாற்றியது. இந்த வரியை எழுத மாட்டேன் என்று அடம்பிடித்தாள், எழுதாவிட்டால் கடிதமே போகாது என்று சொல்லி எழுத வைத்தேன். புது சிஸ்டம் ஏற ஆரம்பித்ததும் ஒவ்வொரு திரையிலும் "அடுத்து" என்ற பொத்தான் வந்தது. அப்பா டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் அதை அழுத்தப் போனார். இவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, படிக்காமல் அழுத்தக் கூடாது என்றாள். "இதையெல்லாம் எவன் படிக்கிறான், எழுதினவனே படிச்சிருக்க மாட்டான்" என்றார் அவர். அப்படி இவள் நிறுத்திப் படித்த ஒரு திரையில்தான், உங்கள் கோப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளவா, எதையுமே வைத்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்டிருந்தது. புரோகிராம்களையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் வழி ஒன்று மேலே மங்கலாகத் தெரிந்தது, ஆனால் அது அழுத்தினால் அசையவில்லை, நம் பழைய சிஸ்டத்துக்கு அது கிடையாதாம். அப்பாவின் விரல் "எதுவும் வேண்டாம்" பக்கம் போய்க்கொண்டிருந்தது, புதுசு என்றால் முழுசாகப் புதுசாக இருக்கட்டுமே என்றார். இவள் கோப்புகளை வை என்பதை அழுத்தினாள். அப்போது அது எங்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

பிறகு சுற்றியது, அணைந்தது, தானே எழுந்தது, மறுபடியும் சுற்றியது. கருப்புத் திரையில் புள்ளிகள் வட்டம் போடுவதை நாங்கள் மூவரும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் வணக்கம் என்று எழுந்து, பெயர் என்ன, எந்த மொழி வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டது. தொடங்குகிற பொத்தான் மூலையில் இல்லை, நடுவுக்கு வந்துவிட்டது, என் கை பழக்கதோஷத்தில் காலி மூலைக்கே போய்ப் போய்த் திரும்பியது. நம் நாலு பேர் படம் இருந்த இடத்தில் யாரோ ஒருவருடைய ஏரி இருந்தது. படங்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன என்று இவள் காட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. டைப் அடிக்கிற புரோகிராம் போயிருந்தது, அதையும் இவளே திரும்ப ஏற்றினாள். நர்ஸம்மாவின் புத்தகத்தைத் திறந்தேன்.

தமிழ் இல்லை, பெரியவனே. ஒரு எழுத்து இல்லை. பக்கம் பக்கமாக இங்கிலீஷ் எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளியும் கேள்விக்குறியும், யாரோ கீபோர்டின்மேல் உட்கார்ந்து எழுந்த மாதிரி. கடைசிவரை உருட்டிப் பார்த்தேன், எல்லாம் அப்படியே. பரவாயில்லை, காப்பி இருக்கிறதே என்று நினைத்து, அந்தக் காப்பியை எடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஃப்ளாஸ்க்கை எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "தீந்துபோச்சே. இன்னொண்ணு போடட்டுமா?" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக் கத்தினேன். அவருக்கு ஏன் கத்துகிறேன் என்றே புரியவில்லை. உன் தங்கைக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு, "அப்பா, அண்ணன் சொன்னது இந்தக் காப்பி இல்லப்பா" என்றாள். உன் அப்பா முகம் போன போக்கை நான் சொல்ல மாட்டேன், பாவம். நாற்காலியை விட்டு எழுந்து, மறுபடி உட்கார்ந்து, "ரொம்ப முக்கியம்னு சொன்னானே, நானும் டிகாஷனை ரெண்டாந்தரம் இறக்காம நல்லாத்தானே போட்டேன்" என்று மெதுவாகச் சொன்னார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, நான் அழுதேன். ரிப்பேர் கடைக்காரருக்குப் போன் போட்டால் அவர் வெளியூரில், திங்கட்கிழமைதான் கடை திறப்பாராம். நான் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வந்து தரையில் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் காலையில் நர்ஸம்மா பிரிண்டை வாங்கிப்போக வருவார். அவரிடம், இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? புதனுக்குள் சொல்லி முடிகிற புத்தகமா அது? அதற்குப் பிறகு சொல்ல அவருக்குக் குரல் இருக்குமா?

இவள் மட்டும் திரையை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பாவைக் கூப்பிட்டு, இரண்டு அத்தியாயங்களின் தொடக்கத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான் ஒன்றை வாசிக்கிறேன், நீங்கள் மற்றதில் விரல் வைத்துக்கொண்டே வாருங்கள், மாறினால் சொல்லுங்கள் என்றாள். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, "கெட்டுப்போயிருந்தா ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு மாதிரி கெட்டுப்போயிருக்கணும்ல? எல்லா அத்தியாயமும் ஒரே மாதிரி தொடங்குதுப்பா" என்றாள். பிறகு பள்ளிக்கூடத்தில் வாய்பாடு ஒப்பிக்கிற மாதிரி வாசித்தாள். ஜி, ஏ, ஜி, அரைப்புள்ளி, ஜி, எல், ஹெச், பெரிய என், ஜே, கே, அரைப்புள்ளி, கே, ஹெச். அப்பா ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டார். அடுத்த அத்தியாயத்துக்கும் அதையே வாசித்தாள். எனக்கு இங்கிலீஷ் டைப்பும் தெரியும் அல்லவா, யாராவது எழுத்தைச் சொன்னால் விரல் தானாக அசையும், அந்தப் பழக்கத்தில் மடியில் கிடந்த என் கை அசைந்துகொண்டிருந்தது. மூன்றாம் தடவை அவள் வாசிக்கும்போதுதான் கவனித்தேன், இந்த ஓட்டம் என் விரலுக்குத் தெரிந்த ஓட்டம். இடது ஆள்காட்டி, இடது சுண்டு, மறுபடி ஆள்காட்டி, வலது சுண்டு. இது நான் மாலைதோறும் அடித்த வார்த்தை. என் கண்ணுக்குத் தெரியாதது என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. பயப்படாதேம்மா.

நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்தாள். ஓடிப்போய்க் கீபோர்டில் கையை வைத்து, தமிழ் அடிப்பதாகவே நினைத்துக்கொண்டு பயப்படாதேம்மா என்று அடித்தேன், திரையில் அதே ஜி, ஏ, ஜி வந்து விழுந்தது. ஒன்றுமே கெடவில்லை. நான் பழைய டைப்ரைட்டர் முறையில் அடிக்கிற அந்த எழுத்துரு இருக்கிறதே, உள்ளே இங்கிலீஷ் எழுத்தாகவே இருந்துகொண்டு வெளியே தமிழாகத் தெரிகிற ரகமாம் அது. புது சிஸ்டம் புரோகிராம்களோடு அந்த எழுத்துருவையும் தூக்கிப் போட்டுவிட்டது, அதனால் பேச்சு அப்படியே இருக்க, உடுப்பு மட்டும் போய்விட்டது. உடுப்பு என்று சொன்னது நான் இல்லை, இவள். பழைய சிஸ்டத்தின் சாமான்களைக் கொஞ்ச நாள் வைத்திருந்து பிறகு தானாக அழித்துவிடும் ஒரு கோப்புறை உள்ளே இருக்கிறது என்று, அப்பா அழுத்தப் பார்த்த ஏதோ ஒரு திரையில் படித்தாளாம். தேடி எடுத்தாள், எழுத்துருவை வைத்தாள், புத்தகத்தை மூடித் திறந்தாள். பக்கம் முழுக்கத் தமிழ். உன் அப்பா முதல் வரியைச் சத்தமாக வாசித்தார், இரண்டாம் வரியோடு நிறுத்திவிட்டு எழுந்தார். பிறகு ஒரு பென்டிரைவ் எடுத்து வந்து காப்பி போட்டார், டிப்போ நண்பரின் பென்டிரைவில் இன்னொன்று போட்டார், என் போனில் ஒன்று ஏற்றச் சொன்னார். ராத்திரிச் சாப்பாடுவரை காப்பி போட்டுக்கொண்டே இருந்தார், அதாவது உன் காப்பி. குடிக்கிற காப்பியை அவர் முன்னால் பேச நாங்கள் இருவரும் இன்னும் துணியவில்லை.

இன்று காலை நர்ஸம்மா வந்தார். அவரிடம் எதையும் மறைக்க மனசு வரவில்லை, நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். தம்ளர் கதையில் சிரிக்க ஆரம்பித்து இருமி, கையால் போதும் போதும் என்று காட்டினார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கழுத்தில் கையை வைத்துக்கொண்டார். "போயிருந்தா, போகட்டும்னு உன்கிட்ட சொல்லியிருப்பேம்மா. வீட்டுக்குப் போயி என்ன செஞ்சிருப்பேன்னு தெரியல" என்றார், அவ்வளவுதான். அப்பா அந்த இடத்தில் நிற்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டார். வாசல்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு நர்ஸம்மா, "அடடா, இவங்களை விட்டுட்டமே" என்றார். யாரை என்று கேட்டேன். "வெளிய நிக்கிறாங்களே, இந்த அப்பனுங்க. உள்ள இருக்கிறவளுக்குப் பக்கம் பக்கமா சொல்லிட்டேன், ஆஸ்பத்திரி வாசல்ல கைய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாம நிப்பானே, அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லல. உக்காரு, அடி" என்றார். தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களே என்று தடுத்துப் பார்த்தேன். புதனுக்கு அப்புறம் ஓய்வுதானே என்றார். ஒரு புது அத்தியாயம் முழுக்கச் சொன்னார், கரகரத்து நின்று, வெந்நீர் குடித்து, மறுபடி சொன்னார். "பயப்படாதேப்பா" என்று தொடங்கினார். யாரையும் துரத்தித் துரத்திக் கேட்காதே, நர்ஸ் வேகமாகப் போனால் ஆபத்து என்று அர்த்தமில்லை, நாங்கள் எப்போதும் அப்படித்தான் போவோம் என்று ஒரு வரி இருக்கிறது. உன் அப்பா வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நீ பிறந்த அன்று அவர் அப்படி நின்றதை நர்ஸம்மா மறக்கவில்லை போலிருக்கிறது, ஆஸ்பத்திரித் தோட்டக்காரரின் குழாயைப் பிடுங்கிச் செடிக்கெல்லாம் இவரே தண்ணீர் விட்டாராமே, அதையும் பெயர் சொல்லாமல் சேர்த்துவிட்டார். அச்சகத்துத் தளம் புது சிஸ்டத்தில் முதல் தடவையிலேயே திறந்தது. முழுப் புத்தகமும் போய்ச் சேர்ந்துவிட்டது, கிடைத்தது என்று பதிலும் வந்துவிட்டது. இப்போது ஓடுகிற பிரிண்ட் அவர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்ப் படிக்க.

மற்றபடி வீட்டில் விசேஷம் இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, நின்று பார்க்கிற வேலையிலிருந்து உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாற்றித் தருவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். தங்கைக்குப் பரீட்சை நெருங்குகிறது, கண்ணாடியின் பவர் கூடியிருக்கிறது, வெளிச்சத்தில் படி என்று நீ ஒரு தடவை சொன்னால் கேட்பாள். மாடித் தண்ணீர்த் தொட்டியின் ஒழுகலை அடைத்தாயிற்று. உன் பேரில் யாருக்கும் கோபம் இல்லை, நீ சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். ஆனாலும் அப்பாவிடம் போனில் பேசும்போது முதலில் வேறு ஏதாவது பேசு, இதை நீயாக எடுக்காதே, அவரே சொல்லட்டும். அவர் சொல்லுவார், இன்று மத்தியானமே டிப்போவில் சொல்லிச் சிரித்துவிட்டு வந்திருக்கிறார், நம்மிடம் சொல்லத்தான் கூச்சம். வேலை நேரத்தில் சட்டைக் கையை மடித்து விடாதே, சூடான குழாயில் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அடுத்த துறைமுகத்தில் இறங்கியதும் நர்ஸம்மாவுக்குப் பேசு, உன் குரலைக் கேட்க வேண்டும் என்று அவரே கேட்டார். அதற்குள் ஆபரேஷன் முடிந்திருக்கும். குரல் வருமோ வராதோ தெரியாது, வந்தாலும் கொஞ்ச நாள் பேசக் கூடாது. போனில் விரலால் தட்டுவாராம், ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை, இன்று போகும்போது வாசலில் எங்களுக்குத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் போனார். அதனால் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டுவிடாதே, அதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது. "நல்லா இருக்கீங்களா" என்று கேள். கேட்டுவிட்டு அவசரப்படாமல் கொஞ்சம் காத்திரு, தட்டுவார்.

கடலும் காற்றும் உனக்குச் சாதகமாக இருக்கட்டும், செய்கிற வேலையில் நல்ல பெயர் எடு, உடம்பு நோகாமல் வீடு வந்து சேர். கையெழுத்து தங்கையுடையது, ஆசி எங்கள் இருவருடையது.

உன் அன்பு
அம்மா